நனையாத தலை

பூப்பாறை முக்கில் தேனி பஸ் வந்து நின்றால், அந்தப் பிள்ளை ஓடிப்போய் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்ப்பாள். பத்து வயது இருக்கும். பிச்சை கேட்கிறாள் என்று நினைத்து, சுற்றுலா வந்தவர்கள் பிஸ்கட்டை நீட்டுவார்கள். கை வாங்கிக்கொள்ளும், கண் ஜன்னலை விட்டு இறங்காது. படுக்கை டீக்கடை வராந்தாவில். "இதை ஏதாவது ஹோம்ல கொண்டுபோய் விடுங்க டீச்சர்" என்று கடைக்காரர் என்னைப் பிடுங்கி எடுப்பார்.

வீடு தங்காத பிள்ளைகளை வீட்டோடு சேர்த்துவைக்கும் தொண்டு நிறுவனம் எங்களுடையது. பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போவது எங்கள் வேலை அல்ல. வீட்டைத் தேடிப் போவோம். அங்கே இருக்கிற அத்தனை பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவோம். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கொஞ்சம் மட்டு.

முதலில் அவள் தலைதான் என்னைத் தோற்கடித்தது. சடை பிடித்து, பேன் மண்டி, கிட்டே போனாலே வாடை. எண்ணெயும் ஷாம்பூவும் வாங்கிக்கொண்டு போனேன். மேலுக்குக் குளிப்பாள், துணி மாற்றுவாள். தலையில் ஒரு சொட்டுப் பட்டால் போதும், கடித்து வைத்துவிடுவாள். அந்தத் தழும்பு என் கையில் இன்னும் இருக்கிறது.

சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு நடுவே, அவள் வீட்டைக் கண்டுபிடித்தோம். அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலை. கைக்குழந்தையாக ஒரு தம்பி. குடி இல்லை, அடி இல்லை. பிள்ளை ஏன் வீடு தங்குவதில்லை என்று தெரியாது என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கெஞ்சிக் கூட்டிவந்து, எல்லோரையும் பாயில் உட்கார வைத்தேன். வேலை இல்லாத நாளிலும் அம்மா தலைத்துண்டை அவிழ்க்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுல எல்லாரும் இருக்கீங்களா?" என்று எப்போதும்போல ஆரம்பித்தேன்.

"இருக்கோம் டீச்சர்," என்றார் அப்பா.

"அக்கா இல்லையே," என்றாள் பிள்ளை.

அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மூத்தது ஒரு ஜீப்காரன்கூட தேனி பஸ் ஏறிப் போயிருச்சு. குடும்பத்தோட ஆத்துல இறங்கித் தலைமுழுகியாச்சு. பழைய லயத்துல முகங்காட்ட முடியலன்னுதான் இங்க மாறி வந்தோம். இனி அந்தப் பேச்சு வேண்டாம்."

செத்தவர்களுக்குச் செய்வதை, உயிரோடு இருக்கிற மகளுக்குச் செய்திருக்கிறார்கள். இந்தச் சின்னதையும் சேர்த்து முக்கி எடுத்திருக்கிறார்கள்.

"இன்னொருக்கா தலைக்கு ஊத்துனா அக்கா ஒரேயடியாப் போயிரும்," என்றாள் பிள்ளை. "அதுக்கு இந்த வீடு தெரியாதுல்ல? பஸ்ஸ விட்டு இறங்குனா யாரு வழி காட்டுவா?"

அவள் எழுந்து முக்குக்கே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போய்ப் பேசினேன். அப்பா மசியவில்லை. ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து அம்மா நேராக முக்குக்கு வந்தாள். மகள் பக்கத்தில் நின்றாள்.

"நீ வீட்டுக்குப் போ. பள்ளிக்கூடம் போ. பஸ்ஸ நான் பாத்துக்கிடுதேன்."

"எனக்குத் தலைக்கு ஊத்த மாட்டியே?"

"நீயாக் கேக்குற வரைக்கும் ஊத்த மாட்டேன்."

பிள்ளை அன்றைக்கே வீட்டுக்குப் போனாள். அந்தத் தலையோடு வரக் கூடாது என்றது பள்ளிக்கூடம். போய் மல்லுக்கு நின்று சேர்த்துவிட்டு வந்தேன். ஆபீசில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் நிம்மதி இல்லை. பார்த்தே இராத ஒரு முகத்தை எந்தப் பஸ் வந்தாலும் ஜன்னல் ஜன்னலாகத் தேடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முக்கில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மலைக்காற்று தலைத்துண்டை இழுத்துப் போட்டது. உள்ளே முடி கட்டிகட்டியாகச் சடை பிடித்துக் கிடந்தது. பிள்ளையின் தலையில் வந்த அதே வாடை.

"எப்ப இருந்தும்மா தலைக்கு ஊத்தல?" என்றேன்.

துண்டை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஆத்துல முழுகுன நாள்ல இருந்துதான் டீச்சர். எந்திரிங்க, தேனி வண்டி வருது."