படத்துக்குள் வருகிறவர்கள்

காலை ஆறரைக்கு வவுனியா பஸ் நிலையத்தில் கிளிநொச்சி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் பிடித்துக்கொண்டேன். மடியில் ஒரு பழைய சினிமா இதழ், நூற்றைம்பது ரூபாய். அட்டை கிழிந்திருக்கிறதே, குறையுங்கோ என்றதற்கு, "உள்ளுக்க நடிகைமார் வடிவாத்தானே இருக்கினம்" என்றார் கடைக்காரர். இவரோடு கதைத்து வெல்ல முடியாது.

பழைய படக் கொப்பி வாங்கப் போகிறேன் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தேன். படக் கொப்பி என்றால் டெக்கில் போட்டுப் பார்க்கிற வீடியோ கசெற். இந்தக் காலத்தில் அதற்காகப் பஸ் ஏறுகிறவளுக்கு விசர் என்றுதான் நினைத்திருப்பார்கள். பொய் சொல்லவில்லை, முழுதாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். உடையார்கட்டில் இருக்கும் என் பள்ளித் தோழி சுபா போன கிழமை போன் எடுத்தாள். "எடியேய், இஞ்ச சிவம் அண்ணையின்ர கடையில உன்ர தங்கச்சியை ஒரு படத்துக்குள்ள கண்டனான்" என்றாள்.

இதை விளங்கப்படுத்த வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் வெறுங் கசெற் வராது. கலியாணமோ, பெட்டை பெரியபிள்ளையான சாமத்திய வீடோ, வீடியோக்காரர் பழைய படக் கொப்பிக்கு மேல்தான் பதிவார். அதற்கும் எங்கள் சனம் நிபந்தனை போடும்: "பாட்டை மட்டும் அழிச்சுப்போடாதேங்கோ." ஆகவே இரண்டு பாட்டுக்கு நடுவில் சண்டைக் காட்சி அழிந்து, அந்த இடத்தில் ஒரு வீட்டுக் கொண்டாட்டம் வந்து குந்தியிருக்கும். என் தங்கச்சி தாரணியின் சாமத்திய வீட்டையும் அப்படித்தான் எடுத்தார்கள்.

தாரணி கடைசிச் சண்டையில் முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து செத்துப்போனாள். எங்கள் வீட்டுப் புகைப்படங்கள் இருந்த பையும் அங்கேதான் கைவிடப்பட்டது. ஒரு படமும் மிச்சமில்லை. கொஞ்சக் காலமாக அவளின் முகம் எனக்குச் சரியாக வருகுதில்லை. நெற்றி வரும், கண் வராது. கண் வந்தால் அது வேறு யாருடையதோ போலிருக்கும். அந்தப் பயத்தை அம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

புளியங்குளம் தாண்டியதும் சாரதி பஸ்ஸில் இருந்த திரையில் பாட்டுப் போட்டார். நாயகன் ஆடினான். பின்னால் ஐம்பது அறுபது பேர் ஆடினார்கள். நான் நாயகனை விட்டுவிட்டு, பின்வரிசை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தே சிரிப்பதுபோல் பட்டது. சரியில்லை என்று வெளியே திரும்பிக்கொண்டேன்.

கிளிநொச்சியில் இறங்கும்போது எட்டரை தாண்டிவிட்டது. எழுபத்தைந்து கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். முன்பு படக்கடையாக இருந்தவை எல்லாம் போன் கடைகளாகிவிட்டன. ஒன்றில் கொப்பி கேட்டேன். அங்கிருந்த பெட்டை சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டாள். "அக்கா, இப்ப எல்லாம் போனிலயே பாக்கலாம்." எனக்கு வேண்டியது அதில் இல்லை, பிள்ளை என்று சொல்லிவிட்டு, பரந்தன் வழியாகப் புதுக்குடியிருப்புக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த வயதான அம்மா ஒருவர், "எங்க போறியள்?" என்றார்.

"உடையார்கட்டுக்கு. படம் வாங்க."

"வவுனியாவில இல்லாத படமே?" என்றவர், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஓ... சிவத்தின்ர கடைக்கோ?" தான் இறங்கும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

பத்தரைக்குக் கடைக்கு வந்தேன். முன்பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி, வாரப் பத்திரிகை, போன் மீள்நிரப்பு அட்டை. பின்னறையில் பகலிலும் இருட்டு, பூஞ்சண வாசம், பழைய ரீவி ஒன்று, டெக் ஒன்று. சிவம் அண்ணை இடம்பெயரும்போது கொப்பிகளைத் தண்ணி நிரப்புகிற பிளாஸ்ரிக் பரலுக்குள் போட்டு வீட்டு வளவில் புதைத்துவிட்டுப் போனவர். மீள்குடியேறியதும் முதல் வேலையாக அதைத் தோண்டியிருக்கிறார். வீட்டுக் கூரையைப் பிறகுதான் போட்டாராம்.

ரீவிக்கு முன்னால் கதிரையில் வயதான ஒருவர் இருந்தார். முள்ளிவாய்க்காலில் மீன்பிடிக்கிற அந்தோனி ஐயா என்று அண்ணை மெல்லச் சொன்னார். ஓடியது பகிடிப் படம். ஐயா சிரிக்கவில்லை. திடீரென்று திரை பொரிந்து, ஒரு கலியாணப் பந்தல் வந்தது. சோற்றுச் சட்டியோடு வந்த இளந்தாரி ஒருவன் நேரே பார்த்து, "சாப்பிட்டீங்களோ?" என்றான்.

"ஓம் ராசா, சாப்பிட்டன்" என்றார் ஐயா.

மறுபடி பகிடி நடிகர் வந்து விழுந்தார். ஐயா எழுந்து தொப்பியைப் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு, "நாங்கள் இஞ்ச இடம்பெயர்ந்திருக்கேக்க எடுத்தது. மகன் கேட்டா நான் சொல்லத்தானே வேணும், பிள்ளை" என்றார். பாவம், மனுசனுக்கு விசர் தட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சிவம் அண்ணை எங்கள் கொப்பியைக் கொண்டுவந்தார். நாடா ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

"சுபா பாக்கேக்கையே இழுபட்டது. இண்டைக்கு ஓடுமோ, அறுமோ தெரியாது. விலைக்குத் தரலாம், ஆனா கொண்டுபோய் எந்த டெக்கில போடப்போறியள்? போனில பிடியுங்கோ."

போனை இரண்டு கையாலும் பிடித்தேன். பாட்டு முடிந்தது. வில்லன் கதவை உதைத்தான். திரை பொரிந்தது. எங்கள் வீட்டு மாமரம் வந்தது. வாழைமரம், நிறைகுடம், செத்துப்போன மாமிமார் வரிசையாக ஆரத்தித் தட்டுகளோடு. பிறகு பச்சைச் சேலையில் தாரணி.

ஐயோ, அதே முகம்! இடது புருவத்தில் அந்தச் சின்ன வெட்டு. எப்படி மறந்தேன்?

வீடியோக்காரர் என்னவோ சொல்ல, அவள் கழுத்தை நீட்டி, ஆளைத் தேடினாள். பிறகு நேரே என்னைப் பார்த்தாள்.

"அக்கா! இஞ்ச வாவன். என்னோட நில்லன்."

அன்றைக்கு நான் குசினிக்குள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டிருக்கவில்லை.

"வாறன்" என்றேன்.

தாரணி சிரித்தாள். பக்கத்தில் நின்ற தோழியை இடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள். டெக்குக்குள் கரகரவென்று சத்தம். திரை நீலமாகிவிட்டது. அண்ணை பாய்ந்து திறந்தார். நாடா கசங்கி, துண்டு துண்டாகக் கையோடு வந்தது.

"போச்சுது பிள்ளை" என்றார். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "பதில் சொன்னதுக்குக் கூச்சப்படாதேங்கோ. இஞ்ச வாற எல்லாரும் சொல்லுறவை" என்றார்.

அறுந்த நாடாவைத் தன் கைலேஞ்சித் துணியில் கட்டித் தந்தார். பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். திரையில் பாட்டுப் போகப் போக, கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன். முகம் வந்தது, முழுதாக வந்தது.

வவுனியாவில் அம்மா வாசலில் நின்றா. போனைக் கையில் கொடுத்தேன். பார்த்தா, அழவில்லை. திரும்பப் போட்டா.

"அண்டைக்கு நீ குசினிக்கையெல்லே நிண்டனி?"

"ஓம் அம்மா."

"அப்ப, வாறன் எண்டது?"

"நான்தான். இண்டைக்கு."

அம்மா கடைசிக் காட்சியில் படத்தை நிறுத்தி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்தா. "பாத்தியே, உனக்கு இடம் விட்டிட்டு நிக்கிறாள்" என்றா.

வன்னிக்குள் போய் ஒரு படம் வாங்கி வந்த கதை இதுதான். கைலேஞ்சி அலுமாரிக்குள் இருக்கிறது. போன் பெரும்பாலும் அம்மாவிடம். பின்னேரங்களில் நான் குசினியில் நிற்க, முன்னறையிலிருந்து தாரணி கூப்பிடுகிறாள். இப்போது எனக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் நான் வாய் திறப்பதற்கு முன்பே என் குரல் அங்கே பதில் சொல்லிவிடுகிறது.