வாப்பாவின் பச்சை நோட்டைத் தேடி பூந்தமல்லிக்கு

1994 டிசம்பரில், மழை விட்டும் விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் போனேன். இருபது கிலோமீட்டர் பயணத்துக்கு ஒரு பதிவா என்று சிரிக்காதீர்கள். வீட்டில் இறந்தவர்களின் கையெழுத்தைத் தேடிக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஃபிட்டர். அவருடைய அம்மா பினாங்கு மலாய்க்காரி. அப்பா வழி ஏமனிலிருந்து கப்பலேறி வந்தது என்பார். கட்டிக்கொண்டதோ கத்தோலிக்கப் பெண்ணை. அந்தக் கோபத்தில் பூந்தமல்லியிலிருந்த அவர் தங்கை, என் மாமி, என் அம்மாவை ஒருநாளும் வாசற்படி ஏற்றவில்லை. ஷேவ் பண்ணும்போது வாப்பா முனகுகிற இரண்டு வரிதான் எனக்கு மனப்பாடம்:

ஏமன் உப்பும் பினாங்கு மிளகும்
என் ஒரு நாவில் தமிழாய் ஊறின.

வாப்பா இறந்து குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, அரபு எழுத்தில் இருந்ததையெல்லாம் ஓதுகிற கிதாபு, மார்க்கப் புத்தகம் என்று நினைத்து அம்மா மாமிக்கே அனுப்பிவிட்டாள். எட்டு வருஷம் கழித்து, அவரோடு வேலை பார்த்த ஒருவர் விஷயத்தைச் சொன்னார். அதில் ஒரு பச்சை அட்டை நோட்டு முழுக்கத் தமிழ்ப் பாட்டாம். பழைய முஸ்லிம் குடும்பங்களில் தமிழையே அரபு எழுத்தில் எழுதுவதுண்டு, வாப்பாவும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். சான்சிபார் கிராம்பு, ஸ்பெயின் தேசத்து கொர்தோபா, பினாங்குத் துறைமுகம் எல்லாம் அதில் வருமாம். கடைசிப் பாட்டு செல்வமேரிக்கு. செல்வமேரி என் அம்மா. "என்னைப் பத்தி இன்னாதான் எழுதிக்கீறாரு?" என்று அன்றிலிருந்து தினமும் கேட்டாள்.

நான் பண்ணிய மடத்தனம், உடனே போகாதது. நோட்டு கிடைத்தால் படிக்கத் தெரிய வேண்டுமே என்று அம்பத்தூரில் ஒருவரிடம் மூன்று மாதம் அரபு எழுத்து கற்றுக்கொண்டு, பெரிய இவனாட்டம் கிளம்பினேன்.

காலை 7.10 ரயில். ஆவடிக்கு இருபது நிமிஷம், அப்போது டிக்கெட் இரண்டு ரூபாய். அங்கிருந்து பஸ், ஒன்பது கிலோமீட்டர், ஒன்றே முக்கால் ரூபாய். பருத்திப்பட்டில் ரோட்டில் தண்ணீர், வண்டி நின்றுவிட்டது. "வடிஞ்சாத்தான் போவும், குந்திகினு இரு நைனா" என்றார் கண்டக்டர். போய்ச் சேர ஒன்றரை மணி நேரமானது.

மாமி உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். நோட்டைக் கேட்டேன்.

"பழைய கிதாபெல்லாம் செல்லரிச்சுப் போச்சு தம்பி. குப்பையில போடக் கூடாதில்லையா? வெள்ளைத் துணியில சுத்தி, ஓதி, போன மாசம்தான் பள்ளிவாசல் கெணத்துல எறக்கினோம்."

"பச்சை அட்டை?"

"அதுவும்தான்."

அது தமிழ், உங்கள் அண்ணன் எழுதிய பாட்டு என்றேன். தினமும் அரபு எழுத்தில் ஓதுகிறவர் மாமி. ஒரு வரி வாசித்திருந்தால் தமிழ் என்று தெரிந்திருக்கும். கிதாபு என்ற மரியாதையில் திறக்கவேயில்லை. "என்னைப் பத்தி எதாவது எழுதியிருந்தாரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம். கிணற்றையும் போய்ப் பார்த்தேன், மழையில் நிரம்பிக் கலங்கிக் கிடந்தது.

போகிறவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான். மழைக்காலத்தில் ஆவடி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். அரபு எழுத்துத் தாள் எது இருந்தாலும் ஓதத் தெரிந்தவரை விட்டு நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். படிக்கக் கற்றுக்கொள்வதை அப்புறம் பார்க்கலாம், முதலில் போய்க் கையில் வாங்கிவிடுங்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஓதித்தானே எறக்கினாங்க?"

"ஆமாம்மா."

"உயிரோட கீற என்னை அந்த ஊட்டு வாசப்படி ஏத்தல" என்றாள். "என் பேரை மட்டும் நல்லடக்கம் பண்ணிக்கீறாங்க."