ஆற்றுக்குள் ஒரு சண்டை

வகுப்பறையின் வெள்ளைச் சுவரில் ஒரு நீர்நாய்க் கூட்டம் நீந்திய காலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஏரியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியை. காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றிப் படிக்க, வகுப்பின் பெயரில் ஓர் இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கியிருந்தோம். ஊரில் பார்க்கும் உயிரினங்களைப் பிள்ளைகள் படம்பிடித்து வருவார்கள். அவற்றைப் பற்றிப் படித்து, நாலு வரி எழுதிச் சேர்ந்து பதிவிடுவோம். மயில், உடும்பு, யானைத் தடம் என்று போய்க்கொண்டிருந்தபோது, காவிரிக்கரை மாணவி ஒருத்தி தன் அம்மாவின் செல்போனில் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்தாள். அதைப் புரொஜெக்டரில் வகுப்புச் சுவரில் ஓடவிட்டேன். பளபளக்கும் தலைகள் நீரைப் பிளந்து எழுந்தன. ஒன்று பாறைமேல் ஏறி, மீனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு தின்றது. எப்போதும் இரைச்சலாக இருக்கும் வகுப்பு மூச்சுவிடாமல் பார்த்தது.

பதிவிட்ட பிறகு பாராட்டுகள் குவிந்தன. நடுவே ஒருவர் மட்டும் "எந்த இடம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதையே பாடமாக்கினேன். இடம் தெரிந்தால் யார் வருவார்கள்? தோலுக்காகக் கொல்பவர்கள், பிடித்து விற்பவர்கள் என்று பிள்ளைகளே சொன்னார்கள். நீக்கிவிடலாம் என்று முதலில் சொன்னவள் அந்த மாணவிதான். நீக்கினோம். அதற்குள் யாரோ வீடியோவைச் சேமித்து, பின்னாலிருந்த பாறையையும் அடையாளம் கண்டுவிட்டார்கள்.

சில நாள் கழித்து அந்த மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்தார். பரிசலில் போய் மீன் பிடிப்பவர். வலையைக் கிழிக்கும் நீர்நாய்களை அவர் திட்டாத நாளே இல்லை என்று மகள் சொல்லியிருந்தாள்.

"வெளியூர் ஆளுங்க ரெண்டு பேரு வந்தாங்க டீச்சர். அந்த வீடியோவக் காட்டி, இதுங்க எங்க இருக்குதுன்னு கேட்டாங்க. பையில கண்ணி இருந்துச்சுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போன வெள்ளத்துலயே எல்லாம் கீழ போயிருச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

கை நீட்டிக் காட்டியிருந்தால் அவருடைய தொல்லை அன்றோடு தீர்ந்திருக்கும். அதைக் கேட்டேவிட்டேன்.

"அதுங்களுக்கும் எனக்கும் ஆயிரம் சண்டை இருக்குதுங்க. அது எங்க வூட்டுச் சண்டை. நடுவுல இவனுங்க யாரு?"

அன்றே வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். வனக்காவலர்கள் கரையில் ரோந்து வரத் தொடங்கியதும் அந்த ஆட்கள் மறுபடி தலைகாட்டவில்லை. எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கம் இப்போதும் இயங்குகிறது. படத்திலுள்ள மரமோ பாறையோ இடத்தைக் காட்டிக்கொடுக்குமா என்று பிள்ளைகள் அலசிப் பார்த்த பிறகே எதையும் பதிவிடுகிறோம்.

பள்ளிக்கு வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா என்னைப் பரிசலில் கூட்டிப்போனார். துடுப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். திடீரென்று சுற்றிலும் குமிழிகள் கிளம்பின. ஒவ்வொன்றாகத் தலைகள் எழுந்து எங்களை நேருக்கு நேர் பார்த்தன. அவை மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது.

அவர் கிழிந்த வலையைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க டீச்சர், இதுங்க பண்ற அழிச்சாட்டியத்த!"

பெற்றோர் கூட்டத்தில் தன் பிள்ளையைப் பற்றி என்னிடம் முறையிடும் தாய்மார்களை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். அதே குரல்தான் அது.