முன்கூட்டியே அச்சடித்த நன்றி

காலை 6.10. மதுரையிலிருந்து சிவகாசிப் பேருந்து கிளம்பியது. எழுபது கிலோமீட்டர், சன்னலோர இருக்கை கிடைத்தது. நான் மலேசியாவில், கிள்ளானில், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இந்தப் பயணம் என் தலையில் விழுந்தது. எம். புதுப்பட்டியில் பேச்சியம்மாள் என்ற பட்டாசுத் தொழிலாளியைப் பார்க்க வேண்டும். அவர் மகன் முனியசாமி போதைப்பொருள் வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றுக் கோலாலம்பூர்ப் பக்கம் சிறையில் இருக்கிறான். மேல்முறையீடெல்லாம் முடிந்தது. மிச்சமிருப்பது மாமன்னரின் மன்னிப்பு ஒன்றுதான். மனுவோடு தாயின் கடிதமும் போக வேண்டும், அவர் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதிக்கொண்டு வா என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார்.

விருதுநகர் தாண்டியதும் இருபுறமும் கரிசல் காடு, சீமைக் கருவேலம். நடுநடுவே தனித்தனியாக, ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் பட்டாசுக் கம்பெனிகளின் சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக்கூடாது என்று அப்படிக் கட்டுகிறார்கள் என்றார் பக்கத்து இருக்கைப் பெண். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதற்குப் பிறகு வேடிக்கை பார்க்க மனம் வரவில்லை.

காலை 8.20. சிவகாசி. ஆட்டோக்காரர் நானூறு கேட்டார், முந்நூற்றைம்பதுக்கு இறங்கினார். போகும் வழியில் விசாரணை ஆரம்பமானது.

“மலேசியாவுல யாரு ஆட்சிங்க?”

“அரசாங்கத்தை நடத்துவது பிரதமர். அவருக்கு மேலே மாமன்னர். ஒன்பது மாநிலத்துக்கு ஒன்பது ராஜாக்கள் இருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருவர் முறை வைத்து மாமன்னர் ஆவார்.”

“அஞ்சு வருசமா? அப்ப எங்க ஊரு பஞ்சாயத்துத் தலைவர் மாதிரில்ல இருக்கு!” சிரித்துவிட்டு, “ஓட்டு உண்டா?” என்றார்.

“ராஜாக்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்வார்கள். எங்களுக்குக் கிடையாது.”

“அம்புட்டுத்தானா?” என்றார். என் நாட்டுக்காக எனக்கு லேசாகக் கோபம் வந்தது.

காலை 9.05. பேச்சியம்மாள் வீடு ஓட்டு வீடு, ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பெனி விடுமுறை. வாசலில் அடுப்பு மூட்டி, பெரிய சட்டியில் மைதா மாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். விரல் ரேகைகளில் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறப் பொடி படிந்திருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாதாம்.

“வாங்க தாயி, உள்ள வாங்க. சாப்பிட்டீகளா? பசை காய்ச்சிட்டு இருக்கேன், இந்தா வந்துட்டேன்.”

பசை எதற்கு என்று கேட்பதற்குள் அவர் கொழுந்தன் காளிராஜ் ஒரு கட்டுச் சுவரொட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலை பார்ப்பவர், கட்சியில் கிளைப் பொறுப்பிலும் இருக்கிறார். சிவப்பு, மஞ்சள் எழுத்து: ‘ஏழைத் தாயின் மகனுக்கு உயிர்ப்பிச்சை அளித்த மலேசிய அரசுக்கு நன்றி! நன்றி!’ நடுவில் எங்கள் பிரதமர், ஆள் உயரத்துக்கு. மேலே மூலையில், மறைந்த தலைவர்களை வைக்கும் சின்ன வட்டத்துக்குள் எங்கள் மாமன்னர்.

விரித்த தாளைச் சட்டென்று குப்புறக் கவிழ்த்தேன். “அண்ணே, மன்னிப்பு இன்னும் வரவில்லையே. மனுவே போடவில்லையே!”

“தெரியும்க்கா. முந்திக்கிட்டு நன்றி சொல்லிட்டா, பெறகு செய்யாம இருக்க வெக்கப்படுவாகல்ல? எங்க தெருவுக்குத் தண்ணித் தொட்டி இப்படித்தான் வந்துச்சு. மொதல்ல நன்றி போஸ்டர் ஒட்டினோம். தொட்டி பின்னாடி வந்துச்சு. இன்னைக்கு ராத்திரி ஒட்டி, படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிச்சுட்டா, அங்கன வரைக்கும் போயிரும்.”

அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஓட்டு வாங்கி வந்தவர்களிடம் காரியம் சாதிக்கும் வழி அவருக்கு அத்துப்படி. எங்கள் நாட்டில் எந்தச் சுவரிலும் மாமன்னர் படத்தை விடப் பெரிதாக இன்னொரு படம் இருக்காது என்றேன். கருணை மனு ஒரு வாரியத்துக்குப் போகும், சட்டத்துறைத் தலைவர் தம் கருத்தை எழுதித் தருவார், அமைச்சர் இருப்பார், மாமன்னர் தலைமை வகிப்பார். முடிவு எப்போது வரும் என்று யாரும் கேட்க முடியாது, ஏன் இப்படி என்று வழக்கும் போட முடியாது. வராத மன்னிப்பை வந்ததாக அச்சடித்துப் பரப்பினால் அது மனுவுக்கே கெடுதலாகலாம்.

பேச்சியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அந்த ராஜா எந்தக் கட்சி தாயி?”

“கட்சி இல்லை அக்கா.”

“ஓட்டுக் கேட்டு வர மாட்டாகளா?”

“மாட்டார்.”

“யார் வாசல்லயும் போய்க் கேட்டு நிக்காதவுகளுக்கு, நான் கேட்டு நிக்கிறது எப்படித் தெரியும்?”

காளிராஜ் விரித்த தாளைச் சுருட்டிக் கட்டோடு வைத்தார். பத்தொன்பது வருடமாகச் சட்டப் புத்தகங்களைத் தூசி தட்டுகிறவள் நான். அரசமைப்பில் இதற்கு விதி இருப்பதாக எனக்கு ஞாபகம் இல்லை.

காலை 11.00. கடிதம். என்ன எழுதலாம் என்று கேட்டேன். மகன் நிரபராதி என்று எழுதச் சொல்வார் என நினைத்தேன். “பையில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்லி உசுரு கேக்கக் கூடாது. அவன் சின்னதுல ஒரு பொட்டு வெடிக்குக்கூடப் பயப்படுவான், அத எழுதுங்க. வெடிச்சத்தம் கேக்காத ஊருல பொழைக்கிறேன்னுதான் போனான். கடைசி வரைக்கும் ஜெயில்ல வச்சுக்கிட்டாலும் சரி, வெளிய விடச் சொல்லி நான் கேக்கல. உசுரோட வையுங்க. பெத்தவ கேக்குறேன்.” அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட வரவில்லை. மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அப்படியும் தாளின் ஓரத்தில் ஒரு விரல் வெள்ளியாகப் பதிந்துவிட்டது. வேறு தாளில் எழுதித் தருகிறீர்களா என்று பதறினார். வேண்டாம் என்றேன்.

பகல் 1.15. கிளம்பினேன். காளிராஜ் சுவரொட்டிக் கட்டைக் கிழிக்கப் போனார். “கிழிக்காதீக, வெடிக்குக் குழாய் சுத்த ஆகும்” என்று தடுத்துவிட்டு, பேச்சியம்மாள் ஒன்றை மட்டும் உருவி, சேலைகளுக்கு நடுவே மடித்து வைத்தார். படம் தப்பாயிற்றே அக்கா என்றேன். “படம் தப்புன்னா மாத்திக்கிடலாம். எழுத்து சரியாத்தான இருக்கு?” என்றார். அடுப்பில் பசை ஆறி ஆடை கட்டியிருந்தது. அதைத் தூக்கிப் போய்க் கொல்லையில் கொட்டினார்.

கிள்ளானில் எங்கள் அலுவலகச் சுவரில் மாமன்னர் படம் இருக்கிறது. ஆள் மாறும்போது படமும் மாறும். நான் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. இப்போது கதவைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். அந்தக் கடிதத்தை அவர் தம் கையால் எடுத்து வாசிப்பாரா, அந்த வெள்ளி விரலைப் பார்ப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது. யாரிடம் கேட்பது? மனு போய்ச் சேர்ந்ததற்கு ரசீது வந்தது. வாரியம் எப்போது கூடும் என்று தெரியவில்லை.

ஞாயிறுதோறும் பேச்சியம்மாள் கூப்பிடுகிறார். மகனைப் பற்றியோ ராஜாவைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்பதில்லை.

“தாயி, பசை காய்ச்சட்டுமா?” என்கிறார்.

“இன்னும் இல்லை அக்கா” என்கிறேன்.