அப்பளம் உலர்த்தும் அறையில் 6,815 மெகாஹெர்ட்ஸ்

இந்தோனேசியாவின் சிடோஆர்ஜோவில் கணினி பழுதுபார்க்கும் குஸ்வந்தாரி, திரவ நைட்ரஜன் குடுவையைத் திறக்குமுன் பொரித்த ஓர் இறால் அப்பளத்தை மேசைமேல் வைப்பார். பத்து நிமிடம் கழித்து அதை ஒடிப்பார். 'மொறுக்' என்று முறிந்தால் வேலை தொடங்கும். வளைந்தால் குடுவை மூடியே இருக்கும். காற்றின் ஈரத்தை அறிய அவர் வேறு கருவி வாங்கியதில்லை. ஈராண்டுகளாக அவருடைய சோதனைகளுக்குக் குறிப்பெடுத்து வரும் என் ஏட்டில் எண்பத்தெட்டு அப்பளங்கள் பதிவாகியிருக்கின்றன.

கணினியின் மூளையான செயலியை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பதுதான் அவருடைய பித்து. மதர்போர்டின் அமைப்புத் திரையில் வேகத்தைக் கூட்டும் பெருக்கெண்ணையும் மின்னழுத்தத்தையும் படிப்படியாக ஏற்றுவார். ஏற ஏறச் செயலி கொதிக்கும். அதை அடக்கத்தான் நைட்ரஜன்.

சென்ற ஜனவரியில் ஒரே ஒரு முறை, வளைந்த அப்பளத்தைப் பொருட்படுத்தாமல் ஊற்றிவிட்டார். குளிர்ந்த உலோகத்தில் படிந்த ஈரம் மதர்போர்டுக்குள் இறங்கி அதைக் கொன்றது. செயலி வேகப் போட்டியின் தகுதிச் சுற்றும் கைநழுவியது. அன்றுமுதல் நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மெலெம்பெம்'. நமத்த அப்பளத்துக்கும் ஊக்கம் வற்றிய ஆளுக்கும் இங்கே அந்த ஒரே சொல்தான்.

இந்த ஜனவரியிலும் தகுதிச் சுற்று வந்தது. கடைசி நாள் மாலை நான்கு மணிக்குள் 6,800 மெகாஹெர்ட்ஸ் தொட்டுவிட்டால் தேசிய இறுதிப் போட்டியில் இடம் உறுதி. காலையிலிருந்தே மழை. இரண்டு மணிக்கு எடுத்துப் பார்த்த அப்பளம் நாக்குபோல் வளைந்தது.

பக்கத்து அப்பளப் பட்டறையின் உரிமையாளர் முனாசிர் எட்டிப்பார்த்தார். வட்டாரமே அவரை அண்ணன் முறையில் 'சாக்' என்று அழைக்கும். அவர் குஸ்வந்தாரியைத் தங்கை முறையில் 'நிங்' என்பார்.

"என்ன நிங், இந்த வருஷமும் மெலெம்பெம்தானா?"

"வயித்தெரிச்சலக் கிளப்பாதீங்க சாக். நமத்துப் போனது உங்க அப்பளம்தான்."

"என் அப்பளமா? என் பட்டறைக்கு வந்து ஒடிச்சுப் பாரு! எப்பேர்ப்பட்ட மழையா இருந்தாலும் சரி, உலர்த்துற ரூம்ல ஒண்ணு நமத்துச்சுன்னா மீசைய எடுத்துடறேன்."

குஸ்வந்தாரி சட்டென்று எழுந்தார்.

"சாக், அந்த ரூம்ல ஒரு மேசை போட இடம் இருக்கா?"

அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சுமந்துபோய் அப்பளத் தட்டுகளுக்கு நடுவே நிறுத்தினோம். சூடான காற்றைத் திறந்த கதவு வழியே விசிறி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"சரக்குல ஏதும் மருந்து வாடை ஏறிடாதே?" என்றார் முனாசிர்.

"வெறும் காத்துதான் சாக். கதவ மட்டும் சாத்திடாதீங்க, நமக்கு மூச்சு முட்டும்."

எண்பத்தெட்டாவது அப்பளம் மொறுக்கென்று முறிந்தது.

செயலிமேல் பொருத்திய செம்புக் கிண்ணத்தில் குஸ்வந்தாரி நைட்ரஜனை ஊற்றத் தொடங்கினார், வெண்புகை வழிந்தது. நான் வெப்பநிலையை உரக்கப் படித்தேன். 6,500 எளிதாக வந்தது. 6,700-உம் வந்தது. மணி மூன்று இருபத்தெட்டுக்கு, 6,780-இல் திரை உறைந்தது. மறுபடி முயன்றோம், அதே இடத்தில் உறைந்தது. குடுவையில் கால் பங்குதான் மிச்சம்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தம் ஏத்து!" என்று முனாசிர் கத்தினார்.

"நீங்க என்ன, அப்பளத்துக்கு உப்பா போடுறீங்க? சும்மா இருங்க சாக்!" என்றவர் என்னிடம் திரும்பினார். "தம்பி, முன்ன சோதிச்ச பதினாலாம் நம்பர் செயலி எந்த அழுத்தத்துல ஓடுச்சு?"

ஏட்டைப் புரட்டினேன். அதுவும் இப்படித்தான் உறைந்திருந்தது. மின்னழுத்தத்தைக் குறைத்ததும் ஓடியிருந்தது.

"குறைச்சோம் அக்கா! 0.03!"

அமைப்புத் திரையில் 1.75 வோல்ட் 1.72 ஆனது. கணினி மீண்டும் எழுந்தது. கடைசித் துளிவரை ஊற்றிவிட்டு அவர் விசையைத் தட்டினார். 6,790. 6,805. 6,815. எட்டிய வேகத்துக்குச் சான்றான பதிவுக் கோப்பைச் சேமித்தார். மறுகணம் திரை இருண்டது.

"போச்சா?" என்றார் முனாசிர்.

"போகட்டும் சாக். கோப்பு பென் டிரைவ்ல பத்திரமா இருக்கு!"

மூன்று ஐம்பத்திரண்டுக்கு என் மடிக்கணினியிலிருந்து கோப்பை அனுப்பினோம். மூன்று ஐம்பத்தேழுக்கு ஏற்பு வந்தது. முனாசிர் ஒரு தட்டைத் தூக்கித் தாளம் போட, உலர்ந்த அப்பளங்கள் நாலாபுறமும் சிதறின. குஸ்வந்தாரி நனைந்த கையுறையைக் கழற்றிவிட்டு, ஒடித்து வைத்திருந்த சோதனை அப்பளத்தின் மறுபாதியை வாயில் போட்டார்.

"இப்ப சொல்லுங்க சாக், யாரு மெலெம்பெம்?"

அவர் மென்ற சத்தம் விசிறியின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.