கரமனைச் சுவரில் ஓர் இத்தாலியர்

கரமனையில் பேருந்தை விட்டு இறங்கிக் கோயிலை நோக்கி நடக்கிறேன். வழியில், வாசகசாலைச் சுவரில், நாகர்கோவிலிலிருந்து பிழைக்க வந்த ஓவியர் ஒருவர் அயல்நாட்டு முகமொன்றைச் சிவப்பில் தீட்டுகிறார். இருமுறை தீட்டியும் யாரோ சுண்ணாம்படித்து மறைத்துவிட்டார்களாம்.

“யார் இவர்?”

“இத்தாலி கம்யூனிஸ்ட் தலைவர், ஐயா. எம்.பி.யா இருந்தவரைச் சர்வாதிகாரி ஜெயில்ல போட்டான். மன்னிப்பு எழுதிக்கொடுத்தா விடுறேன்னான். இவரு எழுதல. அவன் விழுந்தப்புறம் மறுபடி சபைக்கே போனாரு.”

அப்போது கோயில் விழாக்குழுக்காரர் ஒருவர் சுண்ணாம்பு வாளியோடு வருகிறார். என் நெற்றி நீற்றைக் கண்டதும் அவருக்குத் தெம்பு பிறக்கிறது.

“சாமி, நீங்களே சொல்லுங்கோ. பகவான் எழுந்தருளுற வழியில இந்த நாஸ்திகன் முகம் வேணுமா?”

அரசன் ஆணைக்குப் பணிய மறுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்ட அடியாரின் பதிகங்களையே நான் நாள்தோறும் ஓதுகிறேன்.

“அரசனுக்கு அஞ்சாத முகத்தைக் கண்டு பகவான் கோபிக்க மாட்டான். வாளியைத் திருப்பிக் கொண்டுபோங்கள்.”

“இவன் பகவானை நம்பாதவன், சாமி!”

“அவனுக்கும் சேர்த்து நான் நம்புகிறேன்.” சுவரை ஒட்டி நின்றுகொள்கிறேன்.

“ஈரம், ஐயா! கழுத்துப் பக்கமா நில்லுங்க, முகம் கலைஞ்சிரும்!” என்று ஓவியர் அலறுகிறார்.

முணுமுணுத்தபடி வாளி திரும்புகிறது.

கோயில் வாசலில் மேல்துண்டைக் களைந்து இடுப்பில் கட்டும்போது பார்க்கிறேன்: வெள்ளைத் துணியில் சிவப்பு. மடித்து மறைக்காமல், அது வெளியே தெரியும்படியே கட்டிக்கொண்டு சந்நிதிக்குள் நுழைகிறேன்.