இந்தியாவாக இருந்த கத்தரிப்பூ நிறப் புடவை

இந்த ஆடி மாதம் முழுக்க எங்கள் ஊரில் ஒரு கத்தரிப்பூ நிறப் புடவை தேசியக் கொடியாகப் பதவி வகித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் எருத்தேன்பதி பக்கத்து ஆட்களுக்கு ரேவதியைத் தெரியாமல் இருக்காது. சக்கர நாற்காலிக்காரி. உட்கார்ந்தபடி குண்டு எறிவாள். மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேசப் போட்டிக்குத் தேர்வானாள். அதோடு இன்னொரு சேதியும் வந்தது - தொடக்க விழாவில் நம் நாட்டுக் கொடியை ஏந்தி வரப்போவதும் அவள்தான்!

ஊரே பட்டாசு வெடித்தது. அவள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"ஏன் அம்மிணி, சந்தோஷம் இல்லையா?" என்று கேட்டேன்.

"கொடி புடிக்க ரெண்டு கை வேணுமுங்ண்ணா. சக்கரம் உருட்டவும் ரெண்டு கை வேணும். அதனால பொறகால ஒருத்தரு தள்ளிட்டு வருவாராமா. இத்தன வருசத்துல என்ர வண்டிய ஒருத்தரத் தொட உட்டிருக்கறனா? உலகமே பாக்கறப்பத்தான் தள்ளோணுமா?"

நியாயமான கேள்வி. பதில் எங்கே கிடைத்தது தெரியுமா? பம்ப்செட் பட்டறையில். வெல்டர் செந்தில் போர்வெல் பைப்பில் ஒரு துண்டு வெட்டி, நாற்காலியின் பக்கவாட்டில் பற்ற வைத்துவிட்டார். கொடிக்கம்பை அதில் சொருகிவிட்டால் இரண்டு கையும் சக்கரத்துக்கு. முடிந்தது வேலை... என்றுதான் நினைத்தோம்.

ஒத்திகைக்கு நிஜக் கொடி கூடாது, கீழே பட்டுவிடும் என்று பி.டி. மாஸ்டர் சொல்லிவிட்டார். டீக்கடை பழனிச்சாமி சட்டென்று வீட்டுக்கு ஓடி, மனைவி காயப்போட்டிருந்த புடவையை உருவிக்கொண்டு வந்தார். மனைவி சரசக்காவிடம் சொல்லாமல்!

மாஸ்டர் அதோடு விட்டாரா? கம்பில் ஏறிவிட்டால் புடவையும் கொடிதான். கடந்து போகும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ரேவதி ஒவ்வொரு சுற்று வரும்போதும் டீக்கடை பெஞ்சு மொத்தமும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அட்டென்ஷன்.

"ஏனுங் மாஸ்டர், டீயக் குடிச்சுட்டே நிக்கலாமுங்களா?"

"குடிச்சுட்டே நிக்கறதுக்கு இதென்ன கல்யாண ரிசப்ஷனா?"

அப்புறம், காற்று. பாலக்காட்டுக் கணவாய் என்பது மலைத்தொடரில் விழுந்த பெரிய ஓட்டை. நாங்கள் அதன் வாயில் குடியிருக்கிறோம். முதல் நாள் புடவை முழுசாக விரிந்ததும் வண்டி பாய்மரக் கப்பலாகிவிட்டது. மேற்கே உருட்டினால் நகர மறுத்தது. கிழக்கே திருப்பினாளோ இல்லையோ - கை வைக்காமலே பறந்தது! செக்போஸ்ட்டைத் தாண்டி, தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் நின்றது. செக்போஸ்ட்டில் இருந்தவர் எழுந்து ஒரு சல்யூட் வேறு அடித்தாராம். எதற்கென்று அவருக்கே தெரியாது.

பழனிச்சாமி பைக்கில் துரத்திக்கொண்டு போனார். "அய்யோ, பொடவ! பொடவ!"

"புள்ளயப் பத்திக் கவல இல்லீங்களா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"அவ எப்படியும் வந்துருவாளுங்க. பொடவ வல்லீன்னா நானு ஊட்டுக்குப் போக முடியாதுங்க."

செந்தில் பைப்பைக் கொஞ்சம் சாய்த்துப் பற்ற வைத்தார். வண்டி தூக்காமலிருக்க அடியில் பழைய மோட்டார் இரும்பைக் கட்டினார். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் உடம்பைச் சாய்ப்பது என்று ரேவதி பழகிக்கொண்டாள். வீடியோ எடுத்து டீம் மேனேஜருக்கு அனுப்பினோம். சம்மதித்தார் - ஒரு நிபந்தனையோடு. பின்னால் ஒரு வாலண்டியர் நடந்து வருவார். வண்டி ஒரு நொடி நின்றாலும் அவர் தள்ளத் தொடங்கிவிடுவார்.

விழா அன்று சாயங்காலம் லைப்ரரி ஹாலில் திரை கட்டி உட்கார்ந்தோம். நாடு நாடாக வந்தது. எங்கள் ரேவதியும் வந்தாள். கொடி...

பறக்கவில்லை!

நனைந்த துண்டு மாதிரி கம்பை ஒட்டித் தொங்கியது. கூரை போட்டு மூடிய ஸ்டேடியம். பொட்டுக் காற்று கிடையாது. காற்றுக்காக பைப்பைச் சாய்த்தோம், இரும்பு கட்டினோம்... காற்றே இல்லாமல் போகும் என்று ஒருவருக்காவது தோன்றியதா? எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எப்படித் தோன்றும்?

"கையில விரிச்சுப் புடி அம்மிணி!" என்று செந்தில் திரையைப் பார்த்துக் கத்தினார்.

கையை எடுத்தால் வண்டி நிற்கும். நின்றால் வாலண்டியர்! அந்த மனிதரோ இரண்டு கைகளையும் நீட்டியபடி தயாராக வந்துகொண்டிருக்கிறார்.

ரேவதி அண்ணாந்து கொடியைப் பார்த்தாள். திரும்பி அந்தக் கைகளைப் பார்த்தாள். குனிந்து, சக்கரத்தை இழுத்துவிட்டாள் பாருங்கள் ஒரு இழுப்பு - கொடி விரிந்தது!

ஆனால் வேகம் குறைந்தால் மறுபடி தொங்குமே? அவள் குறைக்கவே இல்லை. பெயர்ப்பலகை ஏந்திய பெண் ஓட ஆரம்பித்தாள். கோட் போட்ட அதிகாரிகள் ஓடினார்கள். வாலண்டியர் நீட்டிய கை நீட்டியபடியே ஓடினார். ரேவதி முன்னால் போய்க்கொண்டிருந்த நாட்டுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்துவிட்டாள். அந்த நாட்டுக்காரர்கள் கைதட்டி வழிவிட்டார்கள்.

"ஒரு நாட்டையே ஓவர்டேக் பண்ணிட்டாளுங்கோ!" என்று பழனிச்சாமி பெஞ்சு மேல் ஏறிவிட்டார். பி.டி. மாஸ்டர் அட்டென்ஷனில் நின்றபடியே விசில் அடித்தார்.

மறுநாள் போனில் பிடித்தேன்.

"மேனேஜர் என்ன சொன்னார்?"

"செமத் திட்டுங்ண்ணா. இது அணிவகுப்பா பந்தயமான்னு கேட்டாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன் - ஆனா ஒருத்தரும் தள்ளலீங்களேன்னு."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

யோசித்துப் பார்க்கிறேன். பையனுக்குப் படிப்பு, பெண்ணுக்கு மாப்பிள்ளை என்று நாம் செய்கிற முன்னேற்பாடெல்லாம் நம் வாசலில் அடிக்கிற காற்றுக்குத்தானே?

சரி, புடவை என்னாயிற்று? துவைத்துத் தேய்த்து சரசக்காவிடம் திரும்பிவிட்டது. ஆவணி பிறந்து, போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கு வந்தார். பந்தியில் பாதிப் பேர் சட்டென்று எழுந்து நின்றோம் - கையில் பருப்புச் சோற்றோடு.